விண்டோஸ் மாற்றிய பிறகு திணறிய பழைய லேப்டாப்: எங்கே அடைத்தது, எப்படிச் சரியானது

என் பெரியப்பா மகன் சங்கரன்கோவிலில் பத்திரம் எழுதுகிறார். கடையில் அவருக்கு இருக்கும் ஒரே கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கிய லேப்டாப். மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3-3110எம் பிராசசர், 4 ஜிபி ரேம், நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வந்தபோது விண்டோஸ் 8 இருந்தது, அப்புறம் 8.1 ஆனது. கிரயம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று அவர் இத்தனை வருடமாகத் தயாரித்த வரைவுகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் கிடையாது.

விண்டோஸ் 8.1-க்கான ஆதரவு 2023 ஜனவரி 10-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்த மாதம் வெளிவந்த குரோம் 110-ஆம் பதிப்பு விண்டோஸ் 7, 8.1 இரண்டிலும் ஏறாது. வில்லங்கம் பார்ப்பது முதல் விண்ணப்பம் ஏற்றுவது வரை எல்லாமே பிரவுசரில் நடக்கிற தொழிலில் பழைய பிரவுசரை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. விண்டோஸ் 11 போடவும் வழியில்லை. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே இருந்த கோப்புகளை அப்படியே வைத்து, மேலேயே விண்டோஸ் 10-ஐ ஏற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு லேப்டாப் ஆளே மாறிவிட்டது. ஆன் செய்து, வேர்டு திறந்து, முதல் எழுத்து திரையில் விழக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறார். "பிராசசர் பழசு, பத்து தாங்காது, ஃபார்மட் பண்ணிப் பார்ப்போம், இல்லாட்டி போர்டு மாத்தணும்" என்றிருக்கிறார்கள். நல்லவேளை, ஃபார்மட் செய்யக் கொடுக்காமல் என்னிடம் கொண்டுவந்தார்.

"தம்பி, எட்டுல நல்லாத்தான ஓடுச்சு. பழையபடி அதையே போட்டுக் குடுத்துருப்பா" என்றார்.

"போடலாம்ணே. ஆனா எது இழுக்குதுன்னு பாக்காம எதைப் போட்டாலும் இப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இந்த வேலையில் நான் உறுதியாக நம்புவது ஒன்று உண்டு. ஒரு கம்ப்யூட்டர் மந்தமானால் டிஸ்க், ரேம், பிராசசர் மூன்றில் ஏதோ ஒன்று மற்ற இரண்டையும் காக்க வைக்கிறது என்று பொருள். அது எது என்பதை விண்டோஸே எண்ணாகக் காட்டும். அந்த எண்ணைப் பார்க்கும் முன்னால் ஃபார்மட் என்ற பேச்சை எடுக்கவே கூடாது.

முதலில் எண்கள்

புது விண்டோஸ் ஏறிய உடனே கொஞ்ச நேரம் மந்தமாக இருப்பது இயல்புதான். தேடலுக்கான அட்டவணையை முதலிலிருந்து கட்டும், வைரஸ் பாதுகாப்பு எல்லாக் கோப்பையும் ஒரு சுற்று பார்க்கும், விட்டுப்போன அப்டேட்கள் இறங்கும். சார்ஜரில் போட்டு ஒரு நாள் ஓடவிட்டால் இவை அடங்கிவிடும். அண்ணனுடையது வாரக்கணக்கில் அடங்கவில்லை. அதனால் இந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் பிராசசர் பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருந்தது. ரேம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. டிஸ்க் 100 சதவீதத்தில் ஆணி அடித்தாற்போல நின்றது. இந்த 100-ஐப் பார்த்ததும் பலர் இணையத்தில் தேடி, சிஸ்மெய்ன் சேவையை நிறுத்து, விண்டோஸ் சர்ச் சேவையை நிறுத்து என்று ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது 100-க்குக் கீழே இருக்கும் இரண்டு எண்களை. ஒன்று, படிக்கும் வேகம். இன்னொன்று, சராசரி பதில் நேரம்.

டிஸ்க் 100-இல் நின்று, வேகமும் விநாடிக்கு 80, 90 எம்பி என்று இருந்தால் அது உண்மையாகவே உழைக்கிறது. எந்த நிரல் அதை உழைக்க வைக்கிறது என்று தேடலாம். இங்கே வேகம் ஒரு எம்பிகூட இல்லை. பதில் நேரமோ 3000 மில்லிவினாடியைத் தாண்டிப் போய் வந்தது. அதாவது ஒரு துண்டுத் தகவலைக் கேட்டால் டிஸ்க் மூன்று வினாடி கழித்துக் கொடுக்கிறது.

ஒரு நல்ல 5400 டிஸ்க்குக்கு எவ்வளவு ஆக வேண்டும் என்பதைக் கையாலேயே கணக்குப் போடலாம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் வினாடிக்கு 90. ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. வேண்டிய இடம் படிக்கும் தலைக்கு அடியில் வர சராசரியாக அரைச்சுற்று, ஐந்தரை மில்லிவினாடி. தலை நகர்ந்து வர இன்னொரு 12 என்று வைத்தாலும் 18-க்குள் முடிந்துவிடும். வரிசையில் பல வேலைகள் நின்றால் சில பத்துகள் கூடும். மூவாயிரம் எந்தக் கணக்கிலும் சேராது. எந்த நிரலாலும் ஒரு நல்ல டிஸ்க்கை இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருக்கச் செய்ய முடியாது. டிஸ்க் ஓரிடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று அப்போதே தோன்றியது.

அதை உறுதி செய்ய, விண்டோஸ் எழுதி வைக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து, சிஸ்டம் பதிவில் டிஸ்க் என்ற பெயரில் வந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தேன். எண் 153 வரிசையாக இருந்தது. கேட்ட தகவல் வராததால் மறுபடி கேட்க வேண்டியிருந்தது என்று அர்த்தம். நடுநடுவே எண் 7. டிஸ்க்கில் பழுதான பகுதி இருக்கிறது என்று நேராகவே சொல்லும் பதிவு அது.

கடைசியாகக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. இது இலவச நிரல். டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை எடுத்துக் காட்டும். நிலை என்ற இடத்தில் மஞ்சள் வந்தது. நான் முதலில் பார்ப்பது 05, சி5, சி6, சி7 என்ற நான்கு வரிகளை. 05 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகள். சி6 எப்படியும் மீட்க முடியாதவை. சி7 மட்டும் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் நல்லதாக இருந்து கேபிளோ இணைப்போ தளர்ந்திருக்கலாம். அப்படி இருந்தால் செலவே இல்லாமல் முடியும். இங்கே சி7 பூஜ்யம். சி5-உம் சி6-உம் ஏறியிருந்தன. இந்த நிரல் எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொண்டு படித்தால் குழப்பம் வராது.

சரி, 8.1-இல் நன்றாகத்தானே ஓடியது? அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த டிஸ்க்கில் பாதிக்கு மேல் பல வருடமாகக் காலி. அங்கே தலை போனதே இல்லை. விண்டோஸ் 10 ஏறும்போது பழைய விண்டோஸை அப்படியே ஒரு ஃபோல்டரில் ஒதுக்கி வைத்துவிட்டு, தன் கோப்புகளைப் புதிதாக எழுதும். அதற்குப் பல ஜிபி இடம் வேண்டும். அது கிடைப்பது இதுவரை தொடாத அந்தக் காலிப் பகுதியில்தான். அங்கே வலுவிழந்துபோன இடங்களின் மேல் இப்போது விண்டோஸின் கோப்புகளே உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அவற்றைப் படித்தே ஆக வேண்டும். பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வசதி உண்டு, அது காலாவதி ஆகியிருந்தது. திரும்பியிருந்தாலும் டிஸ்க் அதே டிஸ்க்தான்.

ஃபார்மட்டுக்கு முன்னால் பத்திரங்கள்

டிஸ்க் சாகிறது என்று தெரிந்த பிறகு செய்யக் கூடாதவை உண்டு. சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக் ஓட்டக் கூடாது. பழுது நீக்கும் டிஸ்க் செக்கையும் ஓட்டக் கூடாது. இரண்டும் டிஸ்க்கை மணிக்கணக்கில் உழைக்க வைக்கும். மிச்சமிருக்கும் உயிர் அதிலேயே போய்விடும். இருக்கிற உயிரை முதலில் தகவலை எடுக்கச் செலவிட வேண்டும்.

விண்டோஸ் வழியாக ஃபோல்டரை இழுத்துப் போட்டால் பழுதான ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு மொத்தமும் நிற்கும். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸ் மின்ட் இருந்த பென்டிரைவில் லேப்டாப்பை ஆன் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் டிஸ்க் முழுவதையும் ஒரு பெரிய வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்தேன். இதன் புத்திசாலித்தனம் எனக்கு மிகவும் பிடிக்கும். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க முடிந்ததை எல்லாம் அள்ளிவிடும். எங்கே தடுக்கிறதோ அங்கே நிற்காமல், அந்த இடத்தை ஒரு மேப் கோப்பில் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும். நல்ல பகுதி எல்லாம் பத்திரமாகக் கரை சேர்ந்த பிறகுதான், குறித்து வைத்த இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். நடுவில் கரண்ட் போனாலும் மேப் கோப்பு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் பக்கத்து மின்வெட்டுக்கு இது பெரிய உதவி.

இரவு முழுக்க ஓடியது. முக்கால்வாசி தூரம் சீராகப் போய், பழுதான பகுதிக்கு வந்ததும் வேகம் தரை தட்டி, தாண்டியதும் மறுபடி ஏறியது. முடிவில் கைக்கு வராமல் போனவை சில துணுக்குகள்தான். எல்லாம் விண்டோஸ் உட்கார்ந்திருந்த இடத்தில். பத்திரங்கள் இருந்த டி டிரைவ் முழுசாக வந்துவிட்டது. நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, வருடத்துக்கு ஒன்றாக வரைவுகளை எடுத்து வேர்டில் திறந்து காட்டினேன். தாத்தா பேரில் இருந்த நிலத்தைப் பெரியப்பாவும் அப்பாவும் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினை வரைவும் அதில் இருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

எஸ்எஸ்டி

பழைய டிஸ்க் சாட்டா இணைப்பில் இருந்த இரண்டரை அங்குல வகை. அதே அளவில், சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலை வைக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. மாற்றுவது சுலபம். பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்து, அடி மூடியைத் திறந்தால் டிஸ்க் தகரத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. அப்படியே வைத்தால் ஆடும். கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி வைத்தால் கச்சிதமாக உட்காரும். சிலர் டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போடுகிறார்கள். 2013 காலத்து போர்டுகளில் முழு வேகத்துக்கான 6 ஜிகாபிட் சாட்டா எல்லா இணைப்புக்கும் கிடையாது. ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் போடுவதே நல்லது.

விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலிருந்து நகலெடுக்காமல் புதிதாகவே போட்டேன். ஓட்டை விழுந்த கோப்புகளை எதற்குப் புது வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்? 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் 10-ஐ ஏற்றி, கீ கேட்கும் இடத்தில் இல்லை என்று சொல்லிக் கடந்தாலே போதும். ஏற்கெனவே அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 10 உரிமம் பதிவாகியிருப்பதாலும், அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டைச் சார்ந்திருப்பதாலும், இன்டர்நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிட்டது.

பழைய விண்டோஸில் ஆன் செய்ததும் தானாகத் தொடங்கும் நிரல்கள் நீளமாக வரிசை கட்டியிருந்தன. காலாவதியான வைரஸ் தடுப்பு ஒன்று, எப்போதோ வைத்திருந்த பிரின்டரின் நிரல், இரண்டு தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு விசையையும் பிடிக்கப் பார்த்தால் எழுத்து தடுமாறத்தான் செய்யும். அண்ணன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர். பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை அவர் விரலில் ஊறியது. அதற்கான மென்பொருளை மட்டும் போட்டேன். கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணுக்குத் தமிழ் 99 பழக்கம். அது 2019 மே அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-லேயே இருக்கிறது, தனி மென்பொருள் தேவையில்லை. மற்றவற்றை மறுபடி ஏற்றவே இல்லை.

அரை நிமிடத்துக்குள் டெஸ்க்டாப். வேர்டு உடனே திறந்தது. டிஸ்க் பதில் நேரம் ஒன்றிரண்டு மில்லிவினாடி. வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்புறம் சூடு

வேர்டில் ஒரு பத்திரம், குரோமில் நாலைந்து பக்கம் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டியதும் மறுபடி தடுமாறியது. இந்த முறை டிஸ்க் அமைதியாக இருந்தது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பக்கத்தில் வேகம் என்று ஒரு எண் இருக்கும். இந்த பிராசசருக்கு அது 2.4 ஜிகாஹெர்ட்ஸ். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 1.2-க்கு விழுந்தது. சற்று நேரத்தில் ஏறியது, மறுபடி விழுந்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் வெப்பம் தொண்ணூறு டிகிரியைத் தொட்டிருந்தது, வெப்பத்தால் வேகம் குறைக்கப்படுகிறது என்ற இடத்தில் ஆம் என்று காட்டியது.

இது புதிதாக வந்த கோளாறு இல்லை. இத்தனை நாளும் பிராசசர் டிஸ்க்குக்காகக் காத்துக் காத்தே குளிர்ந்து கிடந்தது. எஸ்எஸ்டி வந்ததும் கேட்டது உடனே கிடைக்கிறது, முழு வேகத்தில் ஓடுகிறது, சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற வழி இல்லாதது இப்போதுதான் வெளியே தெரிகிறது. எஸ்எஸ்டி போட்டும் சரியாகவில்லை என்று சிலர் சொல்லும்போது நான் முதலில் கேட்பது விசிறியைப் பற்றித்தான்.

முழுசாகப் பிரித்தேன். விசிறிக்கும் செம்புக் குழாயின் நுனியில் இருக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவே தூசி படிந்து, கம்பளித் துணி மாதிரி ஒரே விரிப்பாக அடைத்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, தகட்டோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். விசிறி மூடியைக் கழற்றி, இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வந்துவிடும். சாலையோரக் கடை, தாள் தூசி, பக்கத்தில் எப்போதும் ஓடும் ஜெராக்ஸ் மெஷின் என்று இருக்கிற இடத்தில் இவ்வளவு சேர்வதில் ஆச்சரியமில்லை. மிச்சத்தைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். காற்று அடிக்கும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் கெடும்.

சில்லின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் சிங்க்கின் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். மாட்டும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும், கழற்றும்போது 4-இலிருந்து பின்னோக்கி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் சில்லு சரிந்து அழுந்தும். சூடு கடத்த இரண்டுக்கும் நடுவே பூசியிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து, நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சில்லு கண்ணாடி போல மின்னும்வரை துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பயறு அளவு வைத்து மூடினேன். அதிகம் வைப்பதால் குளிர்ச்சி கூடாது, பக்கவாட்டில்தான் வழியும்.

அதே பத்திரம், அதே பக்கங்கள். வெப்பம் எழுபதை ஒட்டியே நின்றது. வேகம் 2.4-ஐ விட்டு இறங்கவில்லை.

மூடியைத் திறந்திருக்கும்போதே காலியாக இருந்த இரண்டாவது ரேம் பள்ளத்தில் இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். குரோம் திறந்தாலே ரேம் நிரம்பி, மிச்சத்தை டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி வேகத்தில் அது உறைக்காது, ஆனால் வீணாகத் தேயும். இந்த வயது லேப்டாப்புக்கு ரேம் வாங்குபவர்கள் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்கலாம். அதன் 1.35 வோல்ட் சில்லுகள் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் ஓடும். 1.5 வோல்ட்டுக்கு மட்டுமான பழைய டிடிஆர்3-ஐ அடுத்த தலைமுறை லேப்டாப்கள் பல ஏற்காது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிட்டேன். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுசாக அணையாது, உறையவைத்துச் சேமித்துவிட்டு மறுநாள் அங்கிருந்தே தொடங்கும். முன்பு தினமும் அணைத்தும் டாஸ்க் மேனேஜரில் இயங்கும் நேரம் வாரக்கணக்கில் காட்டியது அதனால்தான். எஸ்எஸ்டி வந்த பிறகு அது மிச்சப்படுத்தும் ஓரிரு வினாடிக்கு மதிப்பே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் ஆதரவு நீட்டிப்பில் சேர்த்திருக்கிறேன். அதில் பாதுகாப்பு அப்டேட்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும். அதற்குப் பிறகு லினக்ஸ் மின்ட்தான் என்று அண்ணனிடம் சொல்லி, பென்டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டினேன். வைஃபை எடுத்தது, பிரின்டர் எடுத்தது. லினக்ஸில் தட்டச்சுக்கான எம்17என் தொகுப்பில் தமிழ் 99-உம் டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கின்றன, அவர் விரல் தேடாமல் தட்டினார். பழைய எழுத்துருக் கோப்புகளைப் போட்டதும் பழைய வரைவுகள் வேர்டுக்குப் பதிலான லிப்ரேஆஃபிஸில் திறந்தன, ஆனால் சில பத்திரங்களில் பக்க ஓரங்கள் நகர்கின்றன. முத்திரைத்தாளில் அச்சடிக்கும் தொழிலில் ஓரம் ஒரு வரிகூட நகரக் கூடாது. வார்ப்புருக்களை ஒவ்வொன்றாக அளந்து திருத்திக்கொண்டிருக்கிறோம். ஸ்கேனர் இன்னும் பார்க்கவில்லை.